டி'குரூஸ் என்று தேடினால் வரும் சிவப்புப் பெட்டி

1. போன்

"மேடம், உங்க சாஃப்ட்வேர் ஒரு பேஷண்ட்டோட அலர்ஜியை முழுங்கிடுச்சு. ஊசி ரெடியா இருக்கு. நான் போடாம நிறுத்திட்டேன். நீங்க உடனே கிளம்பி வாங்க."

பேசியது சிஸ்டர் ஜெசிந்தா. ஸ்ரீரங்கத்தில் நடுத்தர அளவிலான ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு பொறுப்பு நர்ஸ். அந்த மருத்துவமனையின் சாஃப்ட்வேரைப் பராமரிக்கும் வேலையைத் தில்லைநகரில் இருந்த எங்கள் சிறிய கம்பெனி அப்போதுதான் எடுத்திருந்தது. எழுதியவர்கள் நாங்கள் இல்லை. யாரோ ஒருவர் தனியாக பைத்தானில் எழுதிக் கொடுத்துவிட்டு பெங்களூர் போய்விட்டார். எங்களிடம் வந்தது கோடு, அதாவது அவர் எழுதிய ப்ரோக்ராம் வரிகள், மட்டும்தான். விளக்கக் குறிப்பு எதுவும் இல்லை.

எங்கள் ஓனர் பாஸ்கரன் சாரிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். காவிரிப் பாலத்தில் வழக்கமான நெரிசல். வண்டி நகர்வதும் நிற்பதுமாக இருந்தபோது என் மனதில் ஓடியது ஒரே கேள்விதான்: டேட்டாபேஸிலிருந்து ஒரு தகவல் தானாக எப்படி அழியும்? அழியாது. யாராவது அழித்திருக்க வேண்டும், அல்லது அது வேறு எங்கோ இருக்க வேண்டும்.

வார்டில் ஓர் அம்மா காலை நீட்டிப் படுத்திருந்தார். கால் சிவந்து வீங்கியிருந்தது, காய்ச்சலும் இருந்தது. பெயர் திருமதி டி'குரூஸ். பொன்மலையில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போயிருந்தது. டாக்டர் பென்சிலின் வகை ஊசி எழுதியிருந்தார். எங்கள் சாஃப்ட்வேரில், நோயாளிக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அவர் பக்கத்தின் தலையில் சிவப்புப் பட்டை வரும். இவருக்குப் பட்டை வரவில்லை. டாக்டர் எழுதிவிட்டார்.

"நான் எப்பவும் ஊசி போடுறதுக்கு முன்னாடி வாயால ஒரு தடவை கேட்டுடுவேன்" என்றார் ஜெசிந்தா. "கேட்டேன். பொண்ணு பதறிட்டாங்க."

மகள் இன்னும் பதற்றமாகத்தான் இருந்தார். "போன வருஷம் அம்மாவ இங்கதான் சேர்த்திருந்தோம். பென்சிலின் ஆகாதுன்னு சொன்னோம். அதுக்கு முன்னாடி ஒரு இடத்துல போட்டு முகமெல்லாம் வீங்கி, மூச்சு விட முடியாம ரொம்பக் கஷ்டப்பட்டாங்க. இங்க எழுதிக்கிட்டாங்களே! எழுதினதுக்கு அப்புறம் எங்கங்க போச்சு?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். படுத்திருந்த அம்மா மட்டும் நிதானமாக இருந்தார். டாக்டர் மருந்தை மாற்றி எழுதியதும் வேறு ஊசி போட்டார்கள். நான் கவுன்டருக்குப் போனேன்.

2. கவுன்டரில் பார்த்தது

பதிவு கவுன்டரில் பிரியா என்ற பெண் இருந்தாள். வேகமான கை. "டி'குரூஸ்னு ஒரு பேஷண்ட், தேடிக் காட்டுங்க" என்றேன். அவள் DCRUZ என்று ஒட்டி அடித்தாள். ஒரு பதிவு வந்தது. அன்று காலை உருவானது. அதில் பழைய விவரம் எதுவும் இல்லை.

"நடுவுல ஒரு குறி வருமே, அத போடலையா?"

"மேல சின்னதா கொம்பு மாதிரி வருமே, அதா மேடம்? அத போட்டா சிவப்பா ஒரு பெட்டி வந்து நின்னுடும். முன்னாடி சாஃப்ட்வேர் எழுதின சார்ட்ட கேட்டோம். அத விட்டுட்டு அடிங்க, வேலை ஓடும்னார். அதுலேர்ந்து நாங்க யாரும் போடுறதில்ல."

"இப்ப போட்டுக் காட்டுங்க."

தயங்கித் தயங்கி D'CRUZ என்று அடித்தாள். சிவப்புப் பெட்டி வந்தது. க்வெரியில் இலக்கணப் பிழை, CRUZ என்ற சொல்லுக்கு அருகில் என்று ஆங்கிலத்தில் சொன்னது. அவள் உடனே அதை மூடப் போனாள். "மூடாதீங்க" என்று போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

டேட்டாபேஸை நேரடியாகத் திறந்து பார்த்தேன். அந்த அம்மாவுக்கு மூன்று பதிவுகள் இருந்தன. குறியோடு ஒன்று, ஒட்டி எழுதியது ஒன்று, இடையில் ஒரு முறை கவுன்டரில் D-க்கும் CRUZ-க்கும் நடுவில் இடம் விட்டு அடித்தது ஒன்று. குறியோடு இருந்த பதிவு, மருத்துவமனை இதற்கு முன் வைத்திருந்த பழைய சிஸ்டத்திலிருந்து மொத்தமாக ஏற்றப்பட்டது. அலர்ஜி அதில்தான் இருந்தது. பத்திரமாக, ஓர் எழுத்துகூடக் குறையாமல் இருந்தது. ஆனால் அதைத் திரையில் கொண்டுவர யாராலும் முடியாது. தேடினால் எரர். குறியை விட்டுத் தேடினால் அந்தப் பதிவு பொருந்தாது. நோயாளி அட்டை பொன்மலை வீட்டில் இருந்தது, போன் நம்பரும் இந்த முறை மகளுடையது. எனவே கவுன்டர் புதுப் பதிவு போட்டது. அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிளம்பும் முன் அந்த அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். "ரேஷன் கார்டுல ஒரு மாதிரி, பேங்க்ல ஒரு மாதிரி, இங்க மூணு மாதிரியா? போகட்டும்மா. என் பேரு அப்படி. நீங்க என்ன பண்ணுவீங்க?"

அந்தச் சமாதானம் எனக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் பெயரில் எந்தக் கோளாறும் இல்லை.

3. அந்த ஒரு வரி

ஆபீஸ் வந்து கோடைத் திறந்தேன். தேடும் ஃபங்ஷனில் இப்படி இருந்தது:

sql = "SELECT * FROM patients WHERE last_name = '" + name + "'"

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் வாக்கியம்தான் க்வெரி. அதில் பெயர் போன்ற மதிப்புகளைச் சிங்கிள் கோட் குறிகளுக்கு நடுவில் எழுத வேண்டும். முதல் குறி வந்தால் மதிப்பு தொடங்குகிறது, அடுத்த குறி வந்தால் முடிகிறது. இந்தக் கோடு செய்தது, கவுன்டரில் அடித்ததை அப்படியே எடுத்து நடுவில் ஒட்டியது. ரெங்கராஜன் என்றோ ஆரோக்கியசாமி என்றோ அடித்தால் பிரச்சினை இல்லை. D'CRUZ என்று அடித்தால், D என்ற எழுத்தோடு பெயர் முடிந்துவிட்டதாக டேட்டாபேஸ் நினைக்கிறது. மிச்சம் இருக்கும் CRUZ அதற்குக் கட்டளை. அப்படி ஒரு கட்டளை இல்லையென்று பெட்டி போடுகிறது.

அந்தப் பெட்டி சொன்னது முழுக்க உண்மை. யாரும் அதைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

4. பாஸ்கரன் சாரின் இரண்டு யோசனைகள்

பாஸ்கரன் சார் நல்ல மனிதர். வாடிக்கையாளர் போன் செய்தால் அன்றைக்கே முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறீங்க? ஒரு ரீப்ளேஸ் போட்டு அந்தக் குறியை எடுத்துடுங்க. சாயங்காலம் முடிச்சுக் கொடுத்துடலாம்."

"சார், கவுன்டர்ல அந்தப் பொண்ணு கையால பண்ணத நாம கோடுல பண்ணப்போறோம். பழைய பதிவு குறியோட இருக்கு. அது அப்பவும் கிடைக்காது."

"சரி, ஒத்த குறியை ரெட்டைக் குறியா மாத்துங்க. டேட்டாபேஸ் அத ஏத்துக்குமே."

ஏற்றுக்கொள்ளும் என்பது உண்மைதான். அடுத்தடுத்து இரண்டு குறி வந்தால் அதை ஓர் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். ஆனால் இதே ஒட்டு வேலை பதிவிடும் இடம், மாற்றும் இடம், ரிப்போர்ட் எடுக்கும் இடம் என்று எல்லா ஃபைலிலும் இருந்தது. எல்லாவற்றிலும் மறக்காமல் ரெட்டிப்பாக்க வேண்டும். ஒன்றை மறந்தால் போச்சு. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றை நான் அதற்குள் பார்த்துவிட்டிருந்தேன். அதை வாயால் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது நல்லது என்று தோன்றியது.

"சார், நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நீங்களும் வாங்க. அவங்க அட்மினிஸ்ட்ரேட்டர் முன்னாடி ஒண்ணு காட்டணும். அவர் சம்மதிச்சாதான் காட்டுவேன்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் வந்தார்.

5. நோயாளி எண் கட்டம்

அட்மினிஸ்ட்ரேட்டர் சௌந்தரராஜன் சார் ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் திருமண், மேஜையில் எப்போதும் ஃபைல்கள். முந்தைய நாள் நடந்தது அவருக்குத் தெரிந்திருந்தது, வருத்தமும் இருந்தது. ஆனால் நான் கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. நோயாளிகள் வீட்டிலிருந்தே லேப் ரிப்போர்ட் பார்க்கும் ஆன்லைன் பக்கத்தைக் கொஞ்ச நாள் மூடி வைக்கச் சொன்னேன்.

"என்னம்மா சொல்றேள்? அத மூடினா அத்தனை பேரும் கவுன்டர்ல வந்து நிப்பா. ஒரு பேருக்கு நடுவுல வர்ற குறிக்கும் ரிப்போர்ட் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"காட்டுறேன் சார். படிக்க மட்டும்தான் செய்வேன், எதையும் மாத்த மாட்டேன். நீங்க சரின்னா."

"காட்டுங்கோ."

அந்தப் பக்கத்தில் நோயாளி எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கும். எண்ணை அடித்தால் அந்த எண்ணுக்கு உரியவரின் ரிப்போர்ட் வரும். எண்களைக் க்வெரியில் குறிகளுக்குள் போட வேண்டியதில்லை. அந்தப் பழைய கோடும் எண்ணை வெறுமனே ஒட்டியிருந்தது. நான் அந்தக் கட்டத்தில் 0 OR 1=1 என்று அடித்தேன்.

அதன் பொருள் இது: எண் பூஜ்யமாக இருப்பவர், அல்லது ஒன்றும் ஒன்றும் சமமாக இருந்தால் யாராக இருந்தாலும் சரி. ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம்தானே.

திரையில் வரிசையாகப் பெயர்கள் இறங்கின. இறங்கிக்கொண்டே இருந்தன. யாருக்கு சர்க்கரை, யாருக்கு என்ன ஸ்கேன், யாருக்கு எந்தப் பரிசோதனை, எல்லாம். சௌந்தரராஜன் சார் கண்ணாடியைச் சரிசெய்து குனிந்தார். ஓர் இடத்தில் அவர் விரல் நின்றது. அது அவருடைய ரிப்போர்ட். யாரிடமும் சொல்லாமல் எடுத்துக்கொண்ட பரிசோதனையாக இருக்க வேண்டும். முகம் மாறிவிட்டது.

"மூடுங்கோ" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "இத வெளியில இருந்து யார் வேணாலும்..."

"யார் வேணாலும் சார். இந்த மாதிரி அடிக்கத் தெரிஞ்சா போதும். படிக்கிறது மட்டுமில்ல, வேற மாதிரி அடிச்சா மாத்தவும் வழி இருக்கலாம்."

நான் பாஸ்கரன் சார் பக்கம் திரும்பினேன். "இதுல சிங்கிள் கோட் ஒண்ணுகூட நான் அடிக்கல சார். நீங்க சொன்ன ரெட்டைக் குறி இங்க என்ன பண்ணும்?"

அவர் சௌந்தரராஜன் சாரிடம், "சார், எங்களுக்குக் கொஞ்சம் டைம் கொடுங்க. அவசரப்பட்டு ஒட்டுப்போட மாட்டோம். சரியா பண்ணிக் கொடுக்குறோம்" என்றார். என் வேலை வாழ்க்கையில் ஒரு முதலாளி வாடிக்கையாளரிடம் இப்படிச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆன்லைன் பக்கம் அன்றே மூடப்பட்டது. கவுன்டரில் கூட்டம் நின்றது, திட்டினார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் யாரும் அதைத் திரும்பத் திறக்கச் சொல்லவில்லை.

6. கமாவா, சதவீதக் குறியா

செய்ய வேண்டிய திருத்தம் புதிதல்ல. எந்தப் புத்தகத்திலும் இருக்கும். க்வெரியில் மதிப்பு வர வேண்டிய இடத்தில் ஒரு இடக்குறி (%s) மட்டும் வைக்க வேண்டும். மதிப்பைத் தனியாகக் கொடுக்க வேண்டும்:

sql = "SELECT * FROM patients WHERE last_name = %s"
cur.execute(sql, (name,))

இப்போது க்வெரி ஒரு பக்கம், மதிப்பு ஒரு பக்கம். மதிப்பை மதிப்பாகவே கொண்டுபோய்ச் சேர்ப்பது, நம் கோடுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் வேலை செய்யும் டிரைவரின் பொறுப்பு. பெயரில் குறி இருந்தாலும் சரி, எண் கட்டத்தில் யாராவது கதை எழுதினாலும் சரி, அது கட்டளையாக மாறாது. இடக்குறியைச் சுற்றி நாமாகச் சிங்கிள் கோட் குறி போடக் கூடாது. பெயருக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கடைசிக் கமாவையும் விடக் கூடாது, விட்டால் பைத்தான் அதை ஒற்றை மதிப்புள்ள தொகுப்பாக எடுத்துக்கொள்ளாது. சில டேட்டாபேஸ்களுக்கு %s-க்குப் பதில் கேள்விக்குறி வரும். எது என்று டிரைவரின் குறிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்னோடு வேலை பார்த்த நூர்ஜஹான் டெஸ்டிங் பொறுப்பில் இருந்தாள். நான் ஃபைல் ஃபைலாக மாற்றிக்கொண்டே வர, அவள் சாஃப்ட்வேரில் இருந்த எல்லாக் கட்டத்திலும் D'CRUZ என்று அடித்துப் பார்த்தாள். பெயர் கட்டம் மட்டுமல்ல, முகவரி, டாக்டர் குறிப்பு, வார்டு, எல்லாவற்றிலும். ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, டிஸ்சார்ஜ் ஸ்கிரீன்ல இன்னும் பெட்டி வருது."

"அதுல ஏற்கெனவே %s இருக்கேம்மா. பழைய ஆளே சரியா எழுதியிருக்கார்."

"இருக்கு. ஆனா வருதே."

போய்ப் பார்த்தோம். இடக்குறி இருந்தது, அதைச் சுற்றிச் சிங்கிள் கோட் குறிகளும் இருந்தன. ஆனால் க்வெரிக்கும் மதிப்புக்கும் நடுவில் கமாவுக்குப் பதில் சதவீதக் குறி இருந்தது. அப்படி எழுதினால், டிரைவர் கைக்குப் போவதற்கு முன்பே பைத்தான் இரண்டையும் ஒட்டி ஒரே வாக்கியமாக்கிவிடும். மறுபடி அதே ஒட்டு வேலைதான். வாக்கியத்துக்குள்ளேயே மதிப்பைச் செருகும் எஃப்-ஸ்ட்ரிங் போட்டு எழுதுவதும் இதே கதை. பார்க்க அழகாக இருக்கும், உள்ளே ஒட்டுதான். கண்ணால் படித்துக் கண்டுபிடிக்க முடியாததை அவள் அடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

இன்னொரு இடத்தில் இந்த முறை செல்லவில்லை. நோயாளிப் பட்டியலைப் பெயர்வாரியாகவோ தேதிவாரியாகவோ அடுக்கிக்கொள்ளும் வசதி இருந்தது. எந்த நெடுவரிசையை (column) வைத்து அடுக்குவது என்பது திரையிலிருந்து வரும். ஆனால் இடக்குறியில் மதிப்பைத்தான் கொடுக்கலாம், நெடுவரிசையின் பெயரையோ டேபிளின் பெயரையோ கொடுக்க முடியாது. அங்கே அனுமதிக்கும் பெயர்களை நாங்களே கோடில் எழுதி வைத்தோம். வந்தது அவற்றில் ஒன்றாக இருந்தால் அடுக்கும். இல்லையென்றால் கண்டுகொள்ளாது.

எல்லாம் முடிந்து ஆன்லைன் பக்கம் திறந்த அன்று, சௌந்தரராஜன் சார் தானே எண் கட்டத்தில் 0 OR 1=1 என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பார்த்தார். எண் தவறு என்று வந்தது. மறுபடியும் ஒரு தடவை அடித்தார். அப்புறம்தான் சரி என்றார்.

7. ஒருவரா, இருவரா

கோடு வேலை முடிந்தது. சுத்தம் செய்யும் வேலை முடியவில்லை. குறியை விட்டுவிட்டு அடித்த காலமெல்லாம் சேர்ந்த இரட்டைப் பதிவுகள் இருந்தன. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழும் பொன்மலையின் டி'சூஸா, டி'குரூஸ் போன்ற பெயர்கள் அதில் அதிகம். மஸ்'ஊத் என்று குறி போட்டு எழுதும் ஒரு பாலக்கரைக் குடும்பமும் இருந்தது.

"குறியை எடுத்துட்டுப் பார்த்தா ஒரே பேர்னா ஒண்ணா சேர்த்துடுங்க. ஒரு ஸ்கிரிப்ட் போதுமே" என்றார் பாஸ்கரன் சார்.

சிஸ்டர் ஜெசிந்தா ஒத்துக்கொள்ளவில்லை. "சார், அலர்ஜியும் ப்ளட் குரூப்பும் இருக்குற பதிவு. போன் பண்ணிக் கேக்காம ஒண்ணையும் சேர்க்க வேணாம். நானும் உக்காந்து கேக்குறேன்."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. வார்டில் வேலை குறைந்த நேரங்களில் ஜெசிந்தாவும் நூர்ஜஹானும் நானும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். பெரும்பாலும், "ஆமாங்க, ரெண்டும் நான்தான்" என்றார்கள். டென்சில் டி'சூஸா என்ற பெயரில் இரண்டு பதிவு இருந்தது. வீட்டு முகவரி ஒன்று, வயதும் கிட்டத்தட்ட ஒன்று. ஸ்கிரிப்ட் போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்திருக்கும். போனை எடுத்தவர் ஜெசிந்தா கேட்டதும் சிரித்தார்.

"அது நான் இல்ல சிஸ்டர், என் பெரியப்பா பையன். ரெண்டு பேருக்கும் தாத்தா பேரு. ஒரே காம்பவுண்டுலதான் இருக்கோம். அவன் ஓ நெகட்டிவ், நான் பி பாசிட்டிவ். மாத்தி கீத்தி ஏத்திடாதீங்க!"

ஜெசிந்தா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதன்பிறகு பாஸ்கரன் சார் ஸ்கிரிப்ட் பற்றிப் பேசவே இல்லை. திருமதி டி'குரூஸின் மூன்று பதிவுகளை, அவர் கால் ஆறி மறுபரிசோதனைக்கு வந்த அன்று, அவரையே பக்கத்தில் உட்காரவைத்து ஒன்றாக்கினோம். ஒவ்வொரு விவரத்தையும் அவர் சரிபார்த்தார். டீச்சர் அல்லவா, தெரு பெயரில் ஒரு எழுத்துப் பிழையையும் பிடித்துக் கொடுத்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். வெளியிலிருந்து வரும் எதையும் க்வெரியோடு ஒட்டாதீர்கள். சின்ன ப்ரோக்ராம்தானே, நாம் மட்டும்தானே பயன்படுத்தப் போகிறோம் என்று அன்றைக்கு மட்டும் ஒட்டுகிறவர்கள்தான் பின்னால் வருபவர்களுக்கு இதையெல்லாம் விட்டுப் போகிறார்கள். சரியாக எழுதுவதற்கு ஒரு கமா அளவுக்குத்தான் கூடுதல் வேலை. அதைவிட முக்கியமானது இன்னொன்று. ஒட்டிய க்வெரி தவறுதான், ஆனால் அந்த அம்மாவை ஆபத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனது எரர் வராமல் இருக்கக் குறியை விட்டு அடிக்கச் சொல்லிக்கொடுத்த யோசனைதான். எரர் வந்த முதல் நாளே யாராவது அதை நின்று படித்திருந்தால் இரண்டாவது பதிவே உருவாகியிருக்காது.

சௌந்தரராஜன் சாரிடம் சொல்லி, கவுன்டரில் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றச் சொன்னேன். பெட்டி வந்தால் சுற்றிப் போக வழி தேடாமல் எங்களைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வரிசையில் ஆள் நிற்கும்போது யார் போன் செய்துகொண்டிருப்பார்கள்?

சில வாரம் கழித்து ஒரு காலையில் பிரியா கூப்பிட்டாள். பின்னால் கூட்டத்தின் சத்தம் கேட்டது.

"மேடம், ஒரு பெட்டி வந்திருக்கு. இது வேற மாதிரி. நான் எதையும் தொடல, அப்படியே விட்டு வச்சிருக்கேன். பக்கத்து கவுன்டருக்கு ஆளுங்கள அனுப்பிட்டேன். என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறேன், கேக்குறீங்களா?"

"படிங்க" என்றேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுவதையும் படித்தாள்.